வெண்கலமணி மன்றம், மரை எண் 212

மார்கழி 2, புதன்

இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மனைவி துளசிமணி ராஜினாமா கொடுத்தாள்.

தாளில் எழுதிக் கொடுக்கவில்லை. சட்னிக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "தை ஒண்ணுல இருந்து கம்பெனி போனை நான் எடுக்க மாட்டனுங்க. டிரைவிங் கிளாஸ்ல பேரு குடுத்திருக்கறன். டெய்லி பத்து மணிக்குக் கிளாஸ்."

"கார் வேணும்னா டிரைவர் வெச்சுக்கலாமே புள்ள."

"போனுக்கு வேணும்னா ஆள் வெச்சுக்கங்க."

விஷயம் சின்னது அல்ல. எங்கள் ஊர் கணபதியில் வெண்கலமணி கிரைண்டர் கம்பெனி ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன் கடைசல் பட்டறையில் கூலிக்கு நின்றவன் நான். முதல் கிரைண்டரை விற்றபோது வாரண்டி கார்டில் அச்சடிக்க ஒரு நம்பர் தேவைப்பட்டது. வீட்டு நம்பரைப் போட்டேன். அன்றிலிருந்து நாகர்கோவில் முதல் ஓசூர் வரை எவர் வீட்டில் மாவு புளிக்காவிட்டாலும், கல் சுற்றாவிட்டாலும், துளசிமணிதான் பதில் சொல்கிறாள். டீலர்கள் என்னைப் பார்த்தால் "அம்மா நல்லா இருக்காங்களா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அது ஒரு மரியாதைக்குக் கேட்பது.

போன வருடமே ஆள் வைத்துப் பார்த்தோம். அந்தப் பெண்ணின் வீட்டில் மிக்சி மாவு. கிரைண்டர் தெரியாதவள் என்று போன் செய்தவர்களுக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது.

மார்கழி 3, வியாழன்

ஒத்திகைக்காக இன்று நானே போன் எடுத்தேன். திருமங்கலத்திலிருந்து ஒரு அம்மா. மாவு வெளியே தெறிக்கிறதாம். எவ்வளவு அரிசி போட்டீர்கள் என்று கேட்டேன். மூன்று படி என்றார்.

"அது ரெண்டு லிட்டர் கிரைண்டருங்க. மாவாட்டறீங்களா, பஸ்ஸுல ஆள் ஏத்தறீங்களா?"

போன் வைக்கப்பட்டது. நான் சொன்னதில் தப்பில்லை.

மாலையில் மதுரை டீலர் கூப்பிட்டார். "அண்ணே, திருமங்கலத்தம்மா கிரைண்டரைத் திருப்பிக் கொண்டாந்து கடை நடுவுல வெச்சுட்டுப் போயிட்டாங்க. போன்ல எவனோ முரட்டுப் பய பேசுறான்னாங்க. இங்க பாருங்கண்ணே, அம்மா போன் எடுக்குறாங்கன்னுதான் நான் உங்க சரக்கை வெச்சிருக்கேன். தைக்குப் பொறவு இதே கதைன்னா வேற பிராண்டு பாத்துக்கிருவேன்."

அந்த முரட்டுப் பயல் யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்கழி 5, சனி

நம் வெப்சைட்டைச் செய்துகொடுத்த எஸ்தரை வரச் சொன்னேன். பேக்கரிக்கு மேல் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஒரு போரம் சேத்துக்கலாங்கண்ணா" என்றார்.

"பாரம் ஏற்கெனவே இருக்குதே. வாரண்டி கார்டுக்குப் பின்னாடி."

"அந்தப் பாரம் இல்லீங்க. போரம். நம்ம வெப்சைட்டுக்குள்ளயே ஒரு பேச்சு மேடை. ஒரு கஸ்டமர் சந்தேகம் கேட்பாங்க, இன்னொரு கஸ்டமர் பதில் சொல்லுவாங்க."

"சம்பளம்?"

"யாருக்குங்க?"

"பதில் சொல்றவங்களுக்கு."

"இல்லீங்க. சும்மாதான் சொல்லுவாங்க."

இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு இவ்வளவு பிடித்த ஒரு யோசனையை யாரும் சொன்னதில்லை. கிளம்பும்போது, கிரைண்டருக்கு மணி என்று ஏன் பெயர் வைத்தீர்கள், வெப்சைட்டில் போட வேண்டும் என்று கேட்டார். ஓசை நன்றாக இருக்கும் என்று வைத்தேன் என்றேன். சமையலறையில் துளசிமணி இருமினாள். மார்கழிப் பனி அவளுக்கு ஆவதில்லை.

மார்கழி 9, புதன்

எஸ்தர் மூன்று சாப்ட்வேர் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் காட்டினார். மோட்டார் வாங்கும்போது கேட்பதையே கேட்டேன்.

"எடை?"

"எடை கிடையாதுங்கண்ணா. ஆனா சிலது பக்கத்தை மெதுவா ஆக்கும். அதைக் கனம்னு வெச்சுக்கலாம்."

"நூறு பேர் ஒரே சமயத்துல பேசுனா சூடாகுமா?"

"சர்வர் சூடாகும்."

"அப்ப மோட்டார்தான். மேல சொல்லுங்க."

முதலாவது இலவசம். நாமே பாகம் பாகமாக எடுத்துக் கோத்துக்கொள்ள வேண்டும். புது மாடல் வந்தால் பழைய பாகங்கள் சேராது. அதோடு நம் வெப்சைட்டில் ஏற்கெனவே பெயர் கொடுத்தவர்கள் இதற்குத் தனியாக ஒருமுறை பெயர் கொடுக்க வேண்டும். ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல், இரண்டு பூட்டு. திருமங்கலத்தம்மா இரண்டாவது பூட்டு வரை வரமாட்டார்.

இரண்டாவது வாடகைக்கு. வழவழவென்று அழகாக இருக்கிறது. ஆனால் பேசியதெல்லாம் அவர்கள் இடத்தில் கிடக்கும். வாடகையை நிறுத்தினால் எடுத்துக்கொண்டு வர முடியுமா என்றேன். கஷ்டம் என்றார் எஸ்தர். என் வாடிக்கையாளர் பேசியது இன்னொருவன் குடோனில், சாவியும் அவனிடம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மூன்றாவது நம் வெப்சைட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒரே பெயர், ஒரே சாவி. ஒரே குறை, தமிழ் கிடையாது. நூற்று எண்பது வார்த்தைகளை நாம் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மார்கழி 11, வெள்ளி

மூன்றாவதுதான். காரணம் சாவி மட்டும் அல்ல. ஒவ்வொருவர் பேச்சுக்கும் கீழே ஒரு பொத்தான் இருக்கிறது. என்ன அது என்று கேட்டேன். "கோட்" என்றார் எஸ்தர்.

கொட்டேஷன் கேட்க ஒவ்வொரு பேச்சுக்கும் கீழே ஒரு பொத்தான். மற்ற இரண்டு சாப்ட்வேர்காரர்களுக்கும் வியாபாரம் தெரியவில்லை.

எஸ்தர் ஏதோ விளக்க வந்தார். அதற்குள் டிரம் லோடு வந்துவிட்டது.

மார்கழி 13, ஞாயிறு

தமிழ் வார்த்தைகளை எழுத எஸ்தர் ஒரு ஆளைச் சொன்னார். எதற்கு? நான் பத்தாவது வரை தமிழில் படித்தவன். நானே தட்டினேன்.

போரத்துக்கு மன்றம் என்று போட்டேன். கௌரவமாக இருக்கிறது. கோட் என்பதற்கு விலைப்புள்ளி. ஒரு கேள்வி, அதன் கீழ் வரும் பதில்கள், எல்லாம் சேர்த்துத் திரெட்டாம்; பதினேழு இடத்தில் வந்தது. போல்ட்டில் வெட்டுகிற மரை என்று போட்டேன். முப்பது வருடம் மரை வெட்டியவனுக்கு அகராதி தேவையில்லை. அதைப் பூட்டுவதற்கு 'மரையை இறுக்கு'. திறப்பதற்கு 'மரையைக் கழற்று'. போஸ்ட் என்பதற்குப் பதிவு என்று எஸ்தரே குறித்துக் கொடுத்திருந்தார். அதையே தட்டினேன்.

ஒரு விரலால் நூற்று எண்பது வார்த்தை. ஒரு பிழை கிடையாது. எஸ்தர் சரிபார்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

மார்கழி 18, வெள்ளி

மன்றம் திறந்தாயிற்று. பழைய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் மெசேஜ் போனது. எஸ்தர் என் வார்த்தைகளை அப்படியே எடுத்து அனுப்பினார்.

சாயங்காலத்துக்குள் அறுபத்து மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். துளசிமணியிடம் சொன்னேன். "அப்படீங்களா" என்றாள். டிரைவிங் புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

மார்கழி 19, சனி

அறுபத்து மூன்று பேரில் ஒருவர்கூடக் கிரைண்டரைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. துளசிமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள்.

"பெருந்துறை சம்பத். 'தலைவர் அவர்களுக்கு வணக்கம். பதினோரு வருடமாக வெண்கலமணி உபயோகிக்கிறேன். ஈரோடு மாவட்டச் செயலாளர் பதவியை எனக்கே வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.' அடுத்தது தர்மபுரி. இவருக்கு இளைஞரணி வேணுமாமுங்க. வயசு அம்பத்தியெட்டுன்னு போட்டிருக்குது." கண்ணாடியைக் கழற்றினாள். "ஏனுங்க, கட்சி ஏதாச்சும் ஆரம்பிச்சிருக்கறீங்களா?"

போனை வாங்கிப் பார்த்தேன். மேலே மணிச் சின்னம். அதன் கீழே 'வெண்கலமணி மன்றம். உறுப்பினராகச் சேருங்கள். உங்கள் முதல் பதவியைப் பெறுங்கள்.' கீழே ஒரு பொத்தானில் 'புதிய பதவி'. எழுதி அழுத்தியவர்கள் எல்லோருக்கும் சாப்ட்வேர் தானாகவே பதில் அனுப்பியிருக்கிறது: 'உங்கள் பதவி ஏற்கப்பட்டது. வாழ்த்துகள்.'

பதிவு என்று இருக்க வேண்டியது நாற்பத்தொரு இடத்தில் பதவி என்று இருக்கிறது. 'தி'யின் வளைவு 'வு'க்குத் தாவிப் போயிருக்கிறது. தட்டியவர் யார் என்பது இப்போது முக்கியமில்லை.

மார்கழி 20, ஞாயிறு

இன்னொரு தொல்லை. கனகசபை என்று ஒருவர், ரிட்டயர்டு தலைமை ஆசிரியர், சேலத்துக்காரர். கம்பெனிக்கே நேராகப் போன் போட்டார்.

"நான் முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றியவன். உளுந்து ஊறும் நேரம் பற்றி மதிப்பாக ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு உங்கள் கம்பெனி எனக்கு என்ன பதில் அனுப்பியிருக்கிறது தெரியுமா?"

"சொல்லுங்க சார்."

"'கனகசபை, உங்கள் மரை கழன்றது.'"

அவர் பேச்சை எஸ்தர் தப்பாகப் பூட்டி, மறுபடி திறந்திருக்கிறார். சாப்ட்வேர் அதை அவருக்குத் தெரிவித்திருக்கிறது. விளக்கினேன். அவர் விளக்கத்தை ஏற்கவில்லை. அவர் மனைவி அதைக் கேட்டுவிட்டுக் காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறாராம்.

விலைப்புள்ளிப் பொத்தானையும் இருபது பேர் அழுத்தியிருக்கிறார்கள். விலை எதுவும் வரவில்லை. முந்தினவர் பேசியதே திரும்ப வருகிறது; கோட் என்றால் மேற்கோள் என்று எஸ்தர் இப்போது சொல்கிறார்.

மார்கழி 22, செவ்வாய்

எஸ்தர் வந்தார். "ரெண்டு நிமிசத்துல மாத்திரலாங்கண்ணா. பதவியை எல்லாம் பதிவு ஆக்கிட்டு, மன்னிக்கவும் தட்டச்சுப் பிழைன்னு ஒரு மெசேஜ் போட்டுரலாம்."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்துக் கிரைண்டர் சங்கத் தலைவர் சென்னியப்பன் உள்ளே வந்தார். உட்காரவில்லை.

"ஏனுங் பங்காளி, சங்க எலெக்சன் மாசி மாசந்தான். அதுக்குள்ள சின்னமெல்லாம் வெச்சு எறங்கிட்டீங்க."

"என்ன சின்னம் பங்காளி?"

செல்போனைக் காட்டினார். பெருந்துறை பஸ் ஸ்டாண்டு. எட்டடி ப்ளெக்ஸ். நடுவில் பெரிய மணி. 'ஈரோடு மாவட்டச் செயலாளராகப் பொறுப்பேற்றுள்ள சம்பத் அவர்களை வாழ்த்தும் குடும்பத்தார்.' ஓரத்தில் என் படம். வெப்சைட்டில் இருந்து எடுத்திருக்கிறார்கள். அதில் நான் கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"இது கிரைண்டர் சந்தேகம் கேக்கறதுக்குங்க" என்றேன்.

"எங்கிட்டயேவா" என்றார் சென்னியப்பன். "பொருளாளர் போஸ்ட்டு வேணும்னா தர்றன். தலைவர் சீட்டைத் தொடாதீங்க."

அவர் போய்விட்டார். சம்பத்திடம் போய்த் தட்டச்சுப் பிழை என்று எப்படிச் சொல்வது? எட்டடி ப்ளெக்ஸ் வைத்த குடும்பம் அந்தக் கிரைண்டரை மறுபடி தொடுமா? இப்படி அறுபத்து மூன்று குடும்பம். தைக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. துளசிமணி எல் போர்டு வாங்கி வந்துவிட்டாள்.

மார்கழி 23, புதன்

சோறு பரிமாறும்போது துளசிமணி சொன்னாள். "பதவி கேட்டா பதவி குடுத்துட்டுப் போங்களே. வேலையோட குடுங்க."

ரசம் கேட்டேன்.

மார்கழி 24, வியாழன்

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பதவி கேட்டவர்களுக்குப் பதவியையே கொடுத்துவிடுவது. வேலையோடு கொடுப்பது.

எஸ்தரிடம் சொன்னேன். முதல் தடவையாக அந்த முகத்தில் ஏதோ அசைந்தது.

"போரத்துல இதுக்கு மாடரேட்டர்னு பேருங்கண்ணா. உலகம் பூரா ஆள் கெடைக்காம அலையறாங்க."

உட்கார்ந்து நியமன ஆணை தயாரித்தோம். சம்பத், பெல்ட் பிரிவுச் செயலாளர், ஈரோடு மற்றும் நாமக்கல் பொறுப்பு. தர்மபுரிக்காரருக்கு மோட்டார் அணி. மாவுப் பிரிவு, கல் பிரிவு, மகளிர் ஊறவைப்புக் குழு. ஒவ்வொரு ஆணையிலும் அடியில் ஒரு வரி: 'தங்கள் பிரிவில் வரும் கேள்விக்கு அரை மணி நேரத்துக்குள் பதில் தராவிட்டால் பதவி அடுத்தவருக்குப் போகும்.'

கனகசபை சாருக்கு ஒழுங்கு நடவடிக்கைக் குழுத் தலைவர். யார் மரையை இறுக்குவது, யாருடையதைக் கழற்றுவது என்பது இனி அவர் முடிவு. போனில் சொன்னேன். பதவியின் முழுப் பெயரை இருமுறை சொல்லச் சொன்னார். பிறகு, "பொறுப்பை ஏற்கிறேன்" என்றார்.

மார்கழி 29, செவ்வாய்

போகி. பழைய வாரண்டி கார்டுகளை எரித்தோம். புதியதில் போன் நம்பர் இல்லை.

துளசிமணி சாயங்காலம் போனை அணைத்து, துணி சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை அவளே வைத்துக்கொண்டாள். என் மீது நம்பிக்கை இல்லை என்று அர்த்தம் இல்லை.

தை 1, புதன்

பொங்கல். வருடத்திலேயே அதிகம் போன் வரும் நாள். தமிழ்நாடு முழுக்க வடைக்கு அரைப்பார்கள்.

காலை ஆறு மணி. திருச்செங்கோட்டில் ஒரு அம்மாவுக்குப் பெல்ட் நழுவுகிறது. மன்றத்தில் கேட்டார். நான்கு நிமிடத்தில் சம்பத் பதில். பெல்ட்டை எப்படித் திருப்பிப் போடுவது என்று படத்தோடு. கீழே முழுப் பெயர், பதவி, மாவட்டம். அடுத்த நிமிடமே நாமக்கல்காரர் ஒருவர், அதைவிட நல்ல படம். இவர் சம்பத்தின் பதவிக்குக் குறி வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. இருவரும் போட்டி போட்டுக்கொண்டு மதியத்துக்குள் முப்பத்தோரு பேருக்குப் பதில் சொன்னார்கள்.

திருமங்கலத்தம்மாகூட வந்தார். டீலரிடம் கிரைண்டரைத் திருப்பி வாங்கிக்கொண்டாராம். மறுபடியும் மூன்று படி போட்டிருக்கிறார். மகளிர் ஊறவைப்புக் குழு அவரிடம் பஸ் என்ற பேச்சே எடுக்காமல் விஷயத்தைச் சொன்னது. அந்த அம்மா நன்றி என்று எழுதினார்.

மதுரை டீலர் மெசேஜ் அனுப்பினார். "அண்ணே, அம்மா இல்லாமலே ஓடுதே."

ஓடுகிறது என்று பதில் போட்டேன்.

துளசிமணி வடை தட்டிக்கொண்டே, பொங்கல் அன்று நாள் முழுக்கப் போன் அடிக்காத வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். இருபத்தோரு பொங்கலாக, ஒரு வடையையும் சூட்டோடு தின்றதில்லை என்றாள். ஏன் என்று கேட்க இருந்தேன். கேட்கவில்லை.

தை 12, ஞாயிறு

பத்து நாளாக எழுத நேரமில்லை. மன்றத்தைப் பார்ப்பதிலேயே பொழுது போகிறது. சென்னியப்பன் வேறு பெயரில் சேர்ந்து கல் பிரிவில் துணைச் செயலாளர் ஆகியிருக்கிறார். கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறேன். பதில் நன்றாகச் சொல்கிறார்.

தை 17, வெள்ளி

இன்று மரை எண் 212. 'வீட்டுக்காரி' என்று பெயர் போட்ட ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

'எங்க வீட்ல ஒரு பழைய மாடல் இருக்குதுங்க. முப்பத்தி நாலு வருசமா ஓடுது. சத்தம் ஜாஸ்தி. எதைப் போட்டாலும் மொதல்ல முடியாதுன்னு நிக்கும், அப்புறம் தானா ஓடும். நாம சொன்னதையே திருப்பி அரைச்சு, தானே அரைச்ச மாதிரி காட்டும். ஒரு நாளும் ரிப்பேர்னு படுத்ததில்ல. இத மாத்தறதா, வெச்சுக்கறதா?'

பொதுவாக நான் பதில் சொல்வதில்லை. இதில் சொல்ல வேண்டியதாயிற்று.

'அம்மா, எங்கள் கம்பெனி ஆரம்பித்தே இருபத்திரண்டு வருடம்தான். ஆகவே இது எங்கள் தயாரிப்பு அல்ல. இப்படி ஒரு சாமானை முப்பத்து நாலு வருடம் வீட்டில் வைத்திருந்த உங்கள் பொறுமையைப் பாராட்டுகிறேன். இனியும் தாமதிக்க வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் கொண்டுவந்து போடுங்கள். எந்த நிலையில் இருந்தாலும் எடுத்துக்கொள்வோம். இப்படிக்கு, தலைவர்.'

சம்பத் வந்து தலைவர் கருத்தை வழிமொழிந்தார். மோட்டார் அணியும் வழிமொழிந்தது. சென்னியப்பன்கூட வழிமொழிந்தார்.

பக்கத்து அறையில் துளசிமணி தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். டிரைவிங் புத்தகத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

தை 18, சனி

காலையில் பார்த்தால் மரை எண் 212 இறுக்கப்பட்டிருக்கிறது. கீழே கனகசபை சாரின் குறிப்பு.

'இக்கேள்வி கிரைண்டரைப் பற்றியது அன்று எனக் குழு கருதுகிறது. என் வீட்டிலும் இதே மாடல்தான். தலைவர் அவர்கள் தமது பதிலை மீண்டும் ஒருமுறை நிதானமாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

படித்தேன்.

முப்பத்து நாலு வருடம். விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். தை மாதம்தான் எங்கள் முகூர்த்தம். மண்டபத்தில் கரண்ட் போய்விட்டது.

தை 19, ஞாயிறு

காலையில் காபி நானே போட்டேன். இரண்டு டம்ளர். காரணம் எதுவும் இல்லை.

தை 20, திங்கள்

எஸ்தரைக் கூப்பிட்டேன். எக்ஸ்சேஞ்ச் சலுகை இன்றோடு நிறுத்தம் என்றும், வெப்சைட்டில் இருந்து எடுத்துவிடும்படியும் சொன்னேன். வியாபாரக் காரணம்தான். மணி என்று ஏன் பெயர் வைத்தோம் என்று அன்று எழுதியதையும் மாற்றச் சொன்னேன். என்னவென்று மாற்றட்டும், மணி யார் என்று கேட்டார். சொன்னேன்.

எஸ்தர் சிரித்தார். இரண்டு பல் தெரிந்தது.

212இல் என் பதிலை அழிக்க ஒரு பொத்தான் இருந்தது. 'பதவியைப் பறி'. அழுத்தினேன். 'உறுதியா?' என்று கேட்டது. உறுதி என்றேன்.

'தலைவர் அவர்களே, உங்கள் பதவி பறிக்கப்பட்டது. வாழ்த்துகள்.'

மாசி 2, வெள்ளி

துளசிமணி எல் போர்டு வண்டியில் என்னைக் கம்பெனிக்குக் கொண்டுவந்து விட்டாள். நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். கணபதி சிக்னலில் மூன்று முறை வண்டி நின்றது. பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். நான் திரும்பி அவனைப் பார்த்தேன். அடிப்பதை நிறுத்தினான். முரட்டு முகத்துக்கும் ஒரு உபயோகம் இருக்கிறது.

நான்காவது முறை கிளப்பும்போது கியர் கரகரவென்றது.

"ஏனுங்க, சத்தம் ஜாஸ்தியா இருக்குதுங்களா?" என்றாள். கண் ரோட்டில்தான் இருந்தது.

"கொஞ்சம்."

"மாத்தீரலாங்களா?"

"ஓடட்டும் புள்ள" என்றேன்.